ஏற்றுக்கொள் எனச் சொல்பவர் யார்?

துன்பம் வந்துற்ற வீட்டிற்குச் செல்வோர் சொல்லும் சொற்களுள் மிக எளியதும் மிகப் பழையதுமான ஒன்று உண்டு. 'நடந்தது நடந்துவிட்டது, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்' என்பதே அது. இதனைச் சொல்லாத நாவும் இல்லை. கேளாத செவியும் இல்லை. ஆனால் எதனை ஏற்கச் சொல்கிறோம், ஏற்றபின் என்ன செய்யச் சொல்கிறோம், அதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்னும் வினாக்களை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. நானும் எழுப்பிப் பார்த்தவன் அல்லன். என் இல்லத்திலேயே நேர்ந்த ஒன்று, அறுபத்தாறாம் வயதில் என்னை இவ்வாராய்ச்சியில் கொண்டுவந்து தள்ளிற்று.

இந்நகரைப் பூனா என்றே நாங்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1979 ஆம் ஆண்டு, எழுத்தர் வேலைக்கு இங்கு வந்து சேர்ந்தேன். கும்பகோணத்துப் பெண்ணான என் மனைவி 1984 இல் வந்தாள். ராஸ்தா பேட்டையில் ஒற்றை அறைக் குடித்தனம். பின்னர் கட்கியில் சிறு வீடு. நாற்பது ஆண்டுகளில் அவள் மராத்தி மொழியை நன்கு கற்றுக்கொண்டாள். அம்மொழியில் அவள் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவாள். அண்டை வீட்டாரோடு சிரிப்பாள். வேண்டுமாயின் சண்டையும் இடுவாள். அம்மொழியில் அவள் அழுது மட்டும் நான் பார்த்ததில்லை. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இது யாவரும் அறிந்த நிலையே. பிழைப்புக்கு ஒரு மொழி, பிள்ளைகளுக்கு ஒரு மொழி, அழுகைக்குத் தாய்மொழி.

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததும், அதற்கு முன்பே தொடர்வண்டிகள் நின்றுவிட்டதும் நாம் மறக்கக்கூடியவை அல்ல. ஏப்பிரலில் என் மாமியார் கும்பகோணத்தில் காலமானார். ஒரே மகள் புனேயில். தாயின் உடல் காவிரிக் கரையில். இடையே ஓராயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மைத்துனர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, உள்ளங்கை அகலத் திரையில் அவள் தன் தாயின் இறுதிப் பயணத்தைப் பார்த்தாள். படம் இருமுறை நின்று நின்று வந்தது. கட்டிக்கொண்டு அழ ஒரு பெண் இல்லை. ஒப்பாரிக்கு ஓர் ஆள் இல்லை. எங்கள் தெருவையே அடைத்து வைத்திருந்த நாள்கள் அவை.

அதன்பின் அவள் மாறிப்போனாள். இரவில் தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். கை கால் குளிர்ந்துவிடும். உறவினர் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினாள். குறிப்பாகத் தாயின் தங்கையான சித்தியின் அழைப்பை எடுக்கவே மாட்டாள். ஊரடங்கு நீங்கி வண்டிகள் ஓடத் தொடங்கியபின்னும் ஊருக்குச் செல்ல மறுத்துவிட்டாள். நான் மூன்றாண்டுக் காலம், கிழமைக்கு ஒருமுறையேனும், 'ஏற்றுக்கொள்' என்றே சொல்லிவந்தேன்.

ஹிஞ்சவடியில் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணியாற்றும் எங்கள் மகள்தான், ஏற்பும் உறுதியும் என்னும் பெயரிலேயே ஒரு மனமருத்துவ முறை உண்டென்றும், அதனைப் பயின்ற ஒருவரைத் தேடலாம் என்றும் சொன்னாள். பெயரைக் கேட்டதும் என் மனைவி, பல திங்களுக்குப் பின், சிரித்தாள்.

"இதைத்தானே உங்கப்பா மூணு வருஷமாக் காசு வாங்காமச் சொல்றார்?"

அந்தச் சிரிப்பில் இருந்த கசப்பு எனக்கு அன்று விளங்கவில்லை. ஆயினும் நான் சொல்லிவந்ததும் அம்மருத்துவம் சொல்வதும் ஒன்றுதானா என்று அறியும் ஆவல் பிறந்தது. மகள் கொணர்ந்து தந்த நூல்களைப் படித்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிட்டது.

இம்முறையை உருவாக்கியவர்களுள் தலையாயவர் ஸ்டீவன் ஹேய்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர். உளவியல் பேராசிரியராகிய அவருக்கே 1978 இல், துறைக் கூட்டம் ஒன்றில் பேச வாயெடுத்த வேளையில், சொல் எழாமல் நெஞ்சை அடைக்கும் பெரும் பீதி வந்துற்றது. அதிலிருந்து தப்ப அவர் செய்த முயற்சி ஒவ்வொன்றும் அதனை வளர்க்கவே செய்தது. கூட்டங்களைத் தவிர்த்தார்; பீதி மற்ற இடங்களுக்கும் பரவிற்று. அச்சத்தை வெல்ல முயல்வதே அச்சத்திற்கு உரமாகிறது என்னும் இப்பட்டறிவிலிருந்து, ஆண்டுகள் பல ஆராய்ந்து, கெர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் ஆகியோருடன் 1999 இல் அவர் வெளியிட்ட நூலே இம்முறையின் முதல் பெருநூல். மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆக்ட்' என்று ஒரே சொல்லாக இதனை வழங்குவர். அச்சொல்லுக்குச் 'செயற்படு' என்று பொருள். நம்மில் பலர் ஏற்பு என்னும் முற்பாதியைக் கேட்ட அளவில் எழுந்து வந்துவிடுகிறோம். பிற்பாதியில்தான் மருந்து இருக்கிறது.

சுருங்கச் சொன்னால் இதுதான்: துயரம், அச்சம், குற்றவுணர்வு போன்றவை உள்ளத்தில் எழும்போது அவற்றோடு மல்லுக்கட்டாமலும், அவற்றின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளாமலும், அவை இருப்பதற்கு இடம்விட்டு, தனக்கு எது பெரிதோ அதன் வழியில் ஓர் அடி எடுத்து வைத்தல். ஏற்கப்படுவது உள்ளே எழும் உணர்ச்சியே. வெளியே உள்ள அநீதி அன்று. மாற்றத்தக்க நிலைமையை மாற்றுவதற்கே அந்த ஏற்பு வலிமை தரவேண்டும்.

இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். இதில் வழுக்கி விழுந்தால் விளையும் கேடு பெரிது. கணவன் அடிக்கும் வீட்டுப் பெண்ணிடம் 'பொறுத்துப் போ' என்று நம் முன்னோர் சொன்னார்களே, அதனையும் ஏற்பு என்றுதான் சொன்னார்கள். கூலி கொடுக்காத முதலாளி, 'இருப்பதை ஏற்று மனநிறைவோடு வாழுங்கள்' என்று தொழிலாளிக்கு அறவுரை சொல்வானாயின், அதற்கு மருத்துவம் என்று பெயரிட முடியுமா? பிறன் தோளில் சுமையை ஏற்றிவிட்டு, சுமப்பதன் பெருமையைப் பாடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் வாணிகம்.

வள்ளுவர் இங்கு நினைவிற்கு வருகிறார். ஊழைப் பற்றி 38 ஆம் அதிகாரத்தில் பேசியவர், 62 ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை வைத்து, அதனை அடுத்தே 63 ஆம் அதிகாரத்தில் இடுக்கண் அழியாமையை வைத்தார். அதிகாரப் பெயரையே நோக்குக. இடுக்கண் இன்மை என்று அவர் தலைப்பிடவில்லை. இடுக்கண் இருக்கும், மனிதன் அழியாதிருக்க வேண்டும். அதனை முயற்சிக்குப் பக்கத்திலேயே வைத்த நுட்பம், நாற்பதாண்டு குறள் படித்த எனக்கு இதுவரை கண்ணில் படவில்லை.

நம் நகருக்கும் இம்மருத்துவத்திற்கும் ஒரு தொடர்பு உண்டென்பதைப் படித்தபோது மகிழ்ச்சியுற்றேன். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் உடையார் பதினெண்மரை வைத்து இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் தோபியாஸ் லுண்ட்கிரென், ஜோஆன் டால் ஆகியோருடன் அதனை எழுதியவர்களுள் புனேயின் நரம்பியல் மருத்துவர் நந்தன் யார்டியும் ஒருவர். ஒரு சாராருக்கு இந்த ஏற்பு முறை. மற்றொரு சாராருக்கு யோகம். இரு சாராருக்குமே வலிப்பின் கடுமை குறைந்தது. ஏற்பு முறை பெற்றோர்க்கு மிகுதியாகக் குறைந்தது. வாழ்க்கைத் தரத்தை அளந்த அளவுகோல்களுள் ஒன்று ஏற்பு முறைக்கும், மற்றொன்று யோகத்திற்கும் முதலிடம் தந்தது. 1937 இல் தெற்கிலிருந்து வந்த இளைஞர் பி. கே. எஸ். ஐயங்கார் யோகத்தை நிலைநாட்டிய நகரத்தார்க்கு அம்முடிவு ஆறுதலாகவே இருக்கும். பதினெண்மர் என்பது சிறு தொகை; அதனைக்கொண்டு முரசறைதல் தகாது. ஆனால் அங்கு 'ஏற்பு' என்றது எதனை என்பது கருதத்தக்கது. வலிப்பு எப்போது வருமோ என்னும் அச்சத்தை உடன்கொண்டே வாழ்வில் இறங்குதலை அது கற்பித்தது. வலிப்பு வரும் என்று வீட்டில் முடங்குதலையோ, உண்ணும் மருந்தை விட்டுவிடுதலையோ அன்று.

இனி, இத்தகைய மருத்துவரைத் தேடிய கதையைச் சொல்ல வேண்டும். நம் அன்பர்கள் சிலருக்கு அது பயன்படலாம்.

முதலில் நாங்கள் அறிந்துகொண்டது, பெயர்ப்பலகையை நம்பக் கூடாது என்பது. மனநல மருத்துவர் என்பார் மருத்துவப் பட்டம் பெற்று, மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் என்பார் பேச்சாலும் பயிற்சியாலும் நலம் செய்பவர். 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயர் பெற்றிருக்க வேண்டியவர். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. ஆலோசகர் என்று மட்டும் பலகை தொங்கவிடுவோருள் நன்கு பயின்றோரும் உளர். இரு நாள் வகுப்பில் அமர்ந்து எழுந்தோரும் உளர். ஏற்பு முறையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. அம்முறையாளர்க்கென 2005 இல் தோன்றிய உலகச் சங்கம், மருத்துவர் எவருக்கும் தகுதிச் சான்று வழங்குவதில்லை. உறுப்பினர் தாமே தம் பெயரைப் பதிந்துகொள்ளும் பட்டியல் ஒன்றே உண்டு. எனவே, யாரிடம் எத்துணைக் காலம் பயின்றீர், முதற்சில சந்திப்புகளில் என்ன செய்வீர், பயனில்லையெனில் எப்படி அறிவோம் என்று நாமே வினவித் தெளிதல் வேண்டும். தெரிந்து தெளிதல் என்று வள்ளுவர் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்னதை, உள்ளத்தை ஒப்படைக்கப் போகும் ஒருவரைத் தேர்வதற்கும் கொள்ளலாம்.

அடுத்தது மொழி. உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையைத் தழுவி அமைத்த ஒரு பயிற்சியை உகாண்டாவில் தங்கியிருந்த தென் சூடான் அகதிப் பெண்களிடம் நடத்தி, 2020 இல் முடிவை வெளியிட்டது. மருத்துவர் எவரும் வகுப்பை நடத்தவில்லை. குறுகிய பயிற்சி பெற்ற பெண்கள் நடத்தினர். ஆயினும் பாடம் முழுவதும் அப்பெண்கள் பேசும் ஜூபா அரபு மொழியிலேயே ஒலிப்பதிவாயிருந்தது. மருத்துவர் இல்லாமலும் நடத்தலாம், மொழி இல்லாமல் நடத்த முடியாது என்று அவர்கள் கருதினார்கள் போலும். நமக்கும் இன்று சில வழிகள் உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் நடைபெறும் அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழும் அதன் மொழிகளுள் ஒன்று. சென்னையிலிருந்து திரைவழியாகத் தமிழிலேயே பேசும் உளவியலாளரையும் எங்கள் மகள் கண்டுபிடித்தாள். என் மனைவி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். தாயின் உடலைப் பார்த்த திரை அது. அதில் இன்னொரு முகத்தைப் பார்த்து அழ அவளால் இயலவில்லை. ஆகவே நேரில், புனேயில், ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று.

முதலில் சென்ற இடத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. பத்தாம் நிமிடத்தில் அவர், 'அன்னையின் மரணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்' என்றார். என் மனைவி எழுந்து வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டில் இறங்கும்போது, "வீட்டிலேயே ஒருத்தர் இருக்காரே, இதுக்கு ஆட்டோச் செலவு வேறயா?" என்றாள்.

இரண்டாமவர் நடுவயது மராத்தியப் பெண்மணி. அவர் முதல் இரு சந்திப்புகளிலும் ஏற்பு என்னும் சொல்லையே எடுக்கவில்லையாம். 'இந்தத் துயரம் இல்லாதிருந்தால் இன்று என்ன செய்துகொண்டிருப்பீர்கள், காகூ?' என்று மட்டும் கேட்டாராம். சித்தியோடு பேசிக்கொண்டிருப்பேன் என்று இவள் சொன்னாளாம். துக்கம் கேட்க வந்து, ஒன்றும் சொல்லாமல் தரையில் உடன் உட்காரும் நம்மூர்க் கிழவிகளை அவர் நினைவூட்டினார் என்று அவள் என்னிடம் சொன்னாள். தேறுதல் சொல்வதற்கு முன் உடன் அழுதல் என்னும் ஒழுங்கை நம் பெண்கள் எந்த நூலும் படிக்காமல் காத்துவந்தார்கள். நான் அந்த முதற்படியைத் தாண்டிக் குதித்தவன்.

மூன்றாம் சந்திப்பிலோ நான்காவதிலோ, மனத்தில் ஓயாமல் ஒலிக்கும் சொல் எது என்று கேட்டாராம். அது 'வரலை' என்பது. தாயின் குரலில் அவளுக்குக் கேட்கும் சொல். அம்மையாருக்குத் தமிழ் தெரியாது, பொருளும் கேட்கவில்லை. அதைத் தமிழிலேயே உரக்க, விரைவாக, முக்கால் நிமிடம் சொல்லுங்கள் என்றார். தாமும் உடன் சேர்ந்து தம் மராத்தி நாவால் சொன்னார். வரலை வரலை வரலை என்று சொல்லச் சொல்ல அது லைவர லைவர என்று திரிந்து, வெறும் ஓசையாகி, முடிவில் இருவரும் சிரித்துவிட்டார்களாம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் உதிர்ந்து ஒலி மட்டும் நிற்கும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே டிச்சனர் என்னும் உளவியலாளர் குறித்திருக்கிறார். ஏற்பு முறையார் அதனைப் பயிற்சியாக்கிக்கொண்டனர். துயரம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். "போகலை. ஆனா அது ஒரு சொல்லுதானேன்னு தோணிச்சு" என்றாள். அறையில் இருந்த இருவருள் ஒருவருக்கு அச்சொல் தொடக்கத்திலிருந்தே வெறும் ஓசைதான் என்பதும் அவளுக்கு உதவியிருக்கக்கூடும். தாய்மொழி தெரியாதவரிடம் சென்றதை நான் குறையென்றே எண்ணியிருந்தேன். இப்போது அத்துணை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வள்ளுவர் வகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். நான்காமவர்க்கும் தகுதி வேண்டும் என்பது உரைகாரர் பலரும் வலியுறுத்தும் கருத்து. ஒரு நாள் அம்மையார் அந்த நான்காமவனாகிய என்னை அழைத்தார். குறை சொல்லவில்லை. ஒரே வினாத்தான் கேட்டார்: 'அவரிடம் ஏற்றுக்கொள் என்று சொல்கிறீர்களே, அந்த நொடியில் உங்கள் உள்ளத்தில் என்ன நடக்கிறது?' இரக்கம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் கட்கி வரும்வரை அவ்விடை பொய் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மெய் இது. மாமியார் இறப்பதற்கு முந்திய இரவு, பதினொரு மணி அளவில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். மூச்சுத் திணறுகிறது, விடியும்வரை தாங்குமா தெரியவில்லை, அக்காளைப் பேசச் சொல்லுங்கள் என்றார். உறங்கும் அவளை எழுப்பி என்ன பயன், போகவும் வழியில்லை, இரவெல்லாம் அழுவாள் என்று எண்ணி, காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் சொல்வதற்கு வேறு செய்தி வந்துவிட்டது. அந்த இரவு அழைப்பைப் பற்றி மூன்றாண்டுகளாக நான் வாய்திறக்கவில்லை, மைத்துனரையும் திறக்கவிடவில்லை. அவள் துயரப்படும் ஒவ்வொரு நாளும் என் குற்றம் என் முன் வந்து நின்றது. அவள் ஏற்றுக்கொண்டுவிட்டால் நான் தப்பிவிடுவேன். என் அறவுரையின் வேர் அதுதான்.

சொல்வதா வேண்டாவா என்று பதினைந்து நாள் தடுமாறினேன். சொன்னால் ஆறிவருகிற புண்ணைக் கிளறுவதாகும் என்று ஒரு மனம் வாதாடிற்று. மூன்றாண்டுக்கு முன் தொலைபேசியை வைத்தபோது பேசிய அதே குரல் அது என்று உணர்ந்தபின், அதன் பேச்சை நான் கேட்கவில்லை. ஒரு முற்பகல், சமையலறை வாயிலில் நின்றுகொண்டு சொல்லி முடித்தேன். அவள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு ராத்திரி ஃபோன் அடிச்சது எனக்கும் கேட்டுது. நீங்க மெதுவாப் பேசினதும் கேட்டுது. என்னன்னு கேக்க பயந்துக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றாள்.

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கில்லை. அன்று மாலை என்னோடு பேசவும் இல்லை. மகள் வந்து நடுவில் இருந்து இரு நாள் சோறு பரிமாறினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சித்தியை அழைத்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் அஞ்சியிருந்த வினாவையே சித்தி முதலில் கேட்டார்: ஏன் வரவில்லை என்று அன்று, ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று. இருவரும் அழுதார்கள். பின்னர் பேச்சு மாமியார் வைத்துச்சென்ற பித்தளைக் குத்துவிளக்குக்கும், மகாமகக் குளத்தெருவில் யாரோ வீடு விற்ற கதைக்கும் போய்விட்டது. அந்த உளவியலாளரிடம் இப்போது மாதம் ஒருமுறை போகிறாள். சித்தி கிழமைக்கு இருமுறை தாமாகவே அழைக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் மட்டும் அழைக்க வேண்டாம் என்று என் மனைவி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.